வாசல்வரை வந்த வேகம்

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே பெரிய பிளானுக்கு மாத்திட்டேன். அப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கு."

இதைச் சொன்னவர் ஒரு மாணவியின் அம்மா. மூத்த பெண் எங்கள் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்து, இப்போது பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இளையவன் என்னிடம் ஆறாம் வகுப்பில் இருக்கிறான். அம்மாவுக்கு வீட்டிலேயே தையல் வேலை. ஜூன் மாதம் பையனை விட வந்தபோது, "நெட் போட்டும் பாப்பாவால பாட வீடியோ பார்க்க முடியல, என்ன செய்யலாம் டீச்சர்?" என்று கேட்டிருந்தார். நான் அதிகம் யோசிக்கவில்லை. "முப்பது எம்.பி.பி.எஸ். பத்தாதும்மா, நூறுக்கு மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். மாதம் ஏறக்குறைய 400 ரூபாய் கூடுதல். அவருக்கு அது மூன்று, நான்கு ரவிக்கை தைத்த கூலி. மூன்று மாதம் கட்டிவிட்டு வந்து நிற்கிறார்.

அலை, அலைநீளம், அதிர்வெண் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள் நான். ஆனாலும், வீட்டுக்குள் இருக்கும் வைஃபையும் அதே அலைதான் என்பதை மறந்து யோசனை சொல்லியிருக்கிறேன். பெற்றோர் இப்போது நம்மிடம் புத்தகம், டியூஷன் பற்றி மட்டும் கேட்பதில்லை. எந்த நெட் போடலாம் என்றும் கேட்கிறார்கள். நாம் சொல்வதை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். அந்தச் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

முன்னறைப் பரணின் மூலையில் வைஃபை பெட்டி இருந்தது. கேபிள் எந்தப் பக்கம் உள்ளே நுழைந்ததோ அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குக் கீழே, ஏறக்குறைய அதை மறைத்தபடி இரும்பு பீரோ. நடு அறையில் தையல் எந்திரம். பெண் படிப்பது அதற்கும் பின்னால், சமையலறையை ஒட்டிய இடத்தில். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பீரோ, இரண்டு செங்கல் சுவர்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டிருக்கும் மைஸ்பீடு செயலியில் அளந்தோம். பரணுக்கு அடியில் நின்று என் கைபேசியில் அளந்தால் 90க்கு மேல். அதே இடத்தில் பெண்ணின் கைபேசியில் 38. அவள் படிக்கும் இடத்தில் இரண்டு கைபேசிகளிலும் 2, 3 என்று தடுமாறியது. ஆக, கட்டிய பணத்துக்குரிய வேகம் வாசல்வரை சரியாக வந்துகொண்டிருந்தது. தொலைந்தது வீட்டுக்குள்.

நெட் மெதுவாக இருக்கிறது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு பாதைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, நிறுவனத்திலிருந்து ஃபைபர் கேபிள் வழியாக வீட்டுப் பெட்டிவரை வரும் பாதை. மற்றொன்று, பெட்டியிலிருந்து காற்று வழியாகக் கைபேசிக்கு வரும் பாதை. மாதக் கட்டணம் முதல் பாதைக்கு மட்டுமே. பிளானில் அச்சிட்டிருக்கும் எண்ணும் அதற்கானதே. இரண்டில் எது குறுகலோ அதன் வேகம்தான் நம் கைக்கு வரும். மாடியில் பெரிய தொட்டி கட்டினாலும் அரை அங்குலக் குழாயில் அரை அங்குலத் தண்ணீர்தான் வரும் அல்லவா?

முதல் பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். என்று தமிழில் எழுதினால் மருத்துவப் படிப்பும் இதுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இங்கே அதற்குப் பொருள், நொடிக்கு இத்தனை மெகாபிட் என்பது. நாம் கோப்பின் அளவைச் சொல்லும் எம்.பி. என்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்.பி. இறங்கும். "நூறு எம்.பி. கோப்பு ஒரு நொடியில் வரவில்லையே" என்று சண்டைக்குப் போக வேண்டாம், எட்டு நொடி ஆவதே சரி.

பிளானில் சொல்வது உச்ச வேகம். ஒரே ஃபைபரை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். இப்போது பரவலாக உள்ள ஜிபான் முறையில் அத்தனை வீடுகளும் சேர்ந்து பகிர்வது ஏறக்குறைய 2,500 மெகாபிட். எல்லோரும் படம் பார்க்கும் இரவு எட்டு மணிக்குச் சற்றுக் குறைவது இயல்பு. அளவில்லா இணையம் என்று விளம்பரம் செய்யும் பிளானுக்கும் மாத வரம்பு உண்டு. பல பிளான்களில் அது 3,300 ஜிபி. அதைத் தாண்டினால் வேகத்தை மிகவும் குறைத்துவிடுவார்கள். இந்த வரம்பைக் கண்டு பயப்பட வேண்டுமா என்பதைக் கணக்காகவே மாணவர்களிடம் கொடுக்கலாம். தெளிவான காணொலி ஒன்று ஓட நொடிக்கு 5 மெகாபிட் போதும். ஒரு மணி நேரத்துக்கு 18,000 மெகாபிட், அதாவது 2.25 ஜிபி. முப்பது நாளும் இரவு பகலாக ஓடினாலும் 1,620 ஜிபிதான். உங்கள் பிளானின் வரம்பு 3,300ஆ, அதைவிடக் குறைவா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; விலை குறைந்த சிலவற்றில் வரம்பும் குறைவு.

இந்தக் கணக்கை நான் ஜூன் மாதமே போட்டிருக்க வேண்டும். ஒரு பெண் பாட வீடியோ பார்க்க 5 மெகாபிட் போதுமென்றால், அவர்கள் வைத்திருந்த 30 ஏற்கெனவே ஆறு மடங்கு.

இனி இரண்டாம் பாதை. நம் வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது: 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ். கைபேசி நிறுவனங்கள் ஏலத்தில் எடுக்கும் அலைக்கற்றையைப் போல அல்லாமல், குறைந்த திறனில் பயன்படுத்தும் வரை இவற்றுக்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. நம் நாட்டில் 2.4க்கு இந்த விலக்கு 2005இல் கிடைத்தது. 5இல் ஏராளமான இடம் 2018 அக்டோபரில்தான் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது.

ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 2.4க்கு 12.5 செ.மீ.; 5க்கு 6 செ.மீ. அலைநீளம் கூடிய 2.4 சுவரைத் தாண்டுவதில் கெட்டி. 5 ஒவ்வொரு சுவரிலும் அதிகமாக வலுவிழக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் என்றால் இன்னும் மோசம். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் இரண்டையுமே திருப்பி அனுப்பிவிடும். தண்ணீரும் அலையை உறிஞ்சும். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், குழந்தைகள் நிறைந்த வகுப்பறையும் ஓரளவு ஒரு தடுப்புத்தான்.

அப்படியானால் சுவரைத் தாண்டும் 2.4ஐ மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சிக்கல் இடநெருக்கடியில் இருக்கிறது. 2.4 என்று சொல்வது உண்மையில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு சிறிய சந்து. அதில் 13 சேனல்கள் உண்டு என்பார்கள். ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் 5 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் பரப்பிக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை என்று எடுத்தால் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். தெருவில் இருபது வீட்டு வைஃபையும் இந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன. போதாக்குறைக்கு ப்ளூடூத்தும் இதே சந்தில்தான் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்து, கசியும் கொஞ்சத்தைக் கொண்டே குழப்பம் செய்யும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அகலமான சாலை. 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலைக்கூட அங்கே விரிக்கலாம். பக்கத்து வீட்டு 5 சுவரைத் தாண்டி வரச் சிரமப்படுவதும் நமக்கு ஒருவகையில் நல்லதே.

எண்ணில் பார்த்தால் வேறுபாடு புரியும். ஓர் ஆண்டெனா மட்டும் உள்ள சாதாரணக் கைபேசி 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் பேசிக்கொள்ளும் உச்சம் நொடிக்கு 72 மெகாபிட். 5இல் 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதுவே 433. இதிலும் உண்மையில் நம் கைக்கு வருவது பாதிக்குச் சற்று மேலோ கீழோதான். மீதி, யார் எப்போது பேசுவது என்று சரிபார்ப்பதிலும் விடுபட்டதை மீண்டும் அனுப்புவதிலும் போய்விடும். பரணுக்கு அடியில் அந்தப் பெண்ணின் கைபேசி ஏன் 38ஐத் தாண்டவில்லை என்பது இப்போது விளங்கும். அது 2.4 மட்டுமே பிடிக்கும் மலிவு விலைக் கைபேசி. அதற்கு 30 பிளானுக்கும் 100 பிளானுக்கும் கிட்டத்தட்ட வேறுபாடே தெரியாது. நான் கட்டச் சொன்ன கூடுதல் பணத்தின் பயனை அந்தக் கைபேசியால் வாங்கிக்கொள்ளவே முடியாது.

யார் எப்போது பேசுவது என்று சொன்னேன் அல்லவா, அது நமக்கு மிகவும் பழகிய ஏற்பாடு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்து, அமைதி வந்ததும் தம் முறைக்கு வாய் திறக்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றாகப் பேசிவிட்டால் இருவருமே சற்றுப் பொறுத்து மறுபடி சொல்ல வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பைக் கட்டி மேய்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதில் இன்னொன்று: தொலைவில் இருக்கும் கைபேசி, குறி தெளிவாகக் கேட்காததால், மெதுவாக நிறுத்தி நிறுத்திப் பேசும். அது பேசி முடிக்கும்வரை பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வேகமான கருவியும் காத்திருக்கும். கடைசி அறையில் ஒருவர் வீடியோ பார்த்தால் முன்னறையில் இருப்பவருக்கும் நெட் இழுப்பது இதனால்தான்.

கடைக்குப் போனால் பெட்டியின் அட்டையில் 1200 என்று பெரிதாகப் போட்டிருக்கும். 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. எந்த ஒரு கைபேசியும் சாதாரணமாக இரண்டிலும் சேர்ந்து ஓடாது. ஆண்டெனா எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதைவிட, பின்புறத் துளைகள் 100 வேகமா, 1000 வேகமா என்று கேட்டு வாங்குவது நல்லது. 200 மெகாபிட் பிளான் போட்டுவிட்டு, 100 துளை உள்ள பெட்டியை வைத்தால் 95ஐத் தாண்டாது. கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் இணைத்து நுனி போட்டிருந்தாலும் இதே கதிதான். 95 என்ற எண்ணில் வேகம் அசையாமல் நின்றால் முதலில் இவற்றைச் சந்தேகியுங்கள்.

எந்தப் பாதையில் கோளாறு என்று கண்டுபிடிக்க எங்கள் வீட்டுச் சோதனையே போதும். இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் கைபேசி ஒன்றை எடுத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்று, மற்றவர்கள் யாரும் நெட் பயன்படுத்தாத நேரத்தில் அளக்க வேண்டும். மடிக்கணினியைக் கேபிளால் பெட்டியில் செருகி அளந்தால் இன்னும் நம்பகமானது. பிளானில் உள்ள எண்ணுக்கு அருகில் வந்தால் நிறுவனத்தின் மேல் குறையில்லை. வராவிட்டால், இரவில் மட்டும் குறைகிறதா எப்போதுமே குறைகிறதா என்று இரண்டு மூன்று நாள் நேரத்தோடு குறித்துவைத்துப் புகார் செய்யுங்கள். எண்களோடு சொல்லும் புகாருக்கு மறுமொழி வேறு மாதிரி வரும். 2023 முதல் நம் நாட்டில் அகலக்கற்றை என்று பெயர் சொல்லவே பதிவிறக்கம் குறைந்தது 2 மெகாபிட் இருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அந்த வீட்டில் நாங்கள் செய்தது மிகவும் எளிய வேலை. இணைப்புக் கொடுத்தவரை வரவழைத்துப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, நடு அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டினோம். ஃபைபரை நாமே இழுத்து மடக்கக் கூடாது. உள்ளே கண்ணாடி இழை. கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியேறிவிடும். பெட்டியின் அமைப்புகளில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தது. அதைப் பிரித்து இரண்டு பெயர் வைத்தோம், எது எதில் ஓடுகிறது என்று தெரியட்டும் என்று. சுற்றிலும் பெரும்பாலான வீடுகள் 6ஆம் சேனலில் இருந்ததால் 2.4ஐ 1க்கு மாற்றினோம். படிக்கும் இடத்தில் 2, 3 காட்டிய அதே கைபேசி 20ஐத் தாண்டியது. அடுத்த மாதம் அவர் பழைய 30 பிளானுக்கே திரும்பிவிட்டார். வீணான 1,200 ரூபாயை நான் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். ஆண்டு விழாவில் பிள்ளைகளின் நடன உடைகளை அவரிடமே தைக்கக் கொடுத்தோம். அது வேறு கணக்கு.

இதன் பிறகுதான் எங்கள் பள்ளியின் ஸ்மார்ட் போர்டு நினைவுக்கு வந்தது. மணற்கேணி காணொலியைப் போட்டால் பாதியில் நின்று வட்டம் சுற்றும். நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் பிள்ளைகள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "நம்ம ஸ்கூல் நெட் இப்படித்தான்" என்று அவர்களே எங்களைச் சமாதானப்படுத்தும் நிலை. நானே ஒருமுறை புகார் கடிதம் எழுதினேன். வந்து பார்த்தவர் தலைமை ஆசிரியர் அறையில் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அளந்து, "லைன் நல்லா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்று எனக்குக் கோபம். அவர் சொன்னது சரிதான். அதைவிட முன்பே ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், ஹெச்.எம். ரூம் வாசல்ல உக்காந்தா டேப்ல நல்லா ஓடுது" என்று சொல்லியிருந்தாள். எனக்குத்தான் அப்போது காதில் விழவில்லை.

தலைமை ஆசிரியர் அறைக்கும் அந்த வகுப்பறைக்கும் நடுவே மூன்று சுவர்கள். இடம் மாற்றியும் சேனல் மாற்றியும் பார்த்தோம். கொஞ்சம் தேறியது, போதவில்லை. இத்தகைய தூரத்துக்கு வைஃபையை நம்புவதைவிடக் கேபிள் இழுப்பதே சரியான வழி. இந்த வகைக் கேபிள் 100 மீட்டர்வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். எங்களுக்குத் தேவைப்பட்டது முப்பது மீட்டருக்கும் குறைவு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னோம். உறுப்பினர் ஒருவரின் மகன் கேபிள் வேலை செய்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து குழாய்க்குள் விட்டு இழுத்துக் கொடுத்தார். எட்டுக் கம்பிகளையும் இணைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். ஸ்மார்ட் போர்டு கேபிளுக்கு மாறியதும், வைஃபையில் இருந்த மற்றக் கருவிகளுக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. மாடி வகுப்பறைக்கு இன்னும் வழி செய்யவில்லை. அங்கே தேவையான காணொலியை முன்னதாகவே பதிவிறக்கி எடுத்துப்போகிறோம்.

எட்டாம் வகுப்போடு செய்த ஒரு செயல்பாட்டையும் எழுதிவிடுகிறேன். நெட் பேக் செலவே இல்லை. இரண்டு அலைவரிசையும் உள்ள கைபேசிகள் இரண்டு வேண்டும். ஒன்றில் ஹாட்ஸ்பாட் போட்டுத் தாழ்வாரத்தின் ஒரு முனையில் நாற்காலியில் வைக்க வேண்டும். மற்றொன்றை அதனோடு இணைத்து, வைஃபை விவரங்களில் காட்டும் இணைப்பு வேகத்தை ஐந்து ஐந்து காலடிக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். முதலில் ஹாட்ஸ்பாட்டை 2.4இல் வைத்து ஒரு நடை, பிறகு 5இல் வைத்து ஒரு நடை. வரைபடத்தாளில் இரண்டு கோடுகளும் போட்டால் 5இன் கோடு மிக உயரத்தில் தொடங்கிச் சரசரவென்று இறங்கும்; 2.4 தாழ்வாகத் தொடங்கி மெல்ல இறங்கும். எங்கள் பிள்ளைகள் வகுப்பறைகளுக்குள்ளேயும் நுழைந்து அளந்தார்கள். மூன்றாவது சுவரைத் தாண்டிய இடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டின. எங்கே 5, எங்கே 2.4 என்று நான் சொல்லாமலே அந்த வெட்டுப்புள்ளியைக் காட்டிச் சொன்னார்கள்.

எண் நிலையாக நிற்காது, ஏறி இறங்கும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். கைபேசியை ஒரே உயரத்தில், ஒரே மாணவர் பிடித்து நடப்பது நல்லது. எங்கள் முதல் நாள் அளவுகள் ஒத்துவராமல் போனதற்குக் காரணம், கைபேசியைப் பிடிக்க எல்லோருமே ஆசைப்பட்டு, பத்துப் பேர் அதைச் சுற்றி நின்றதுதான்.